வாய்க்குப் போகும் கை

முதலில் என் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிரில் நிற்கும் யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்று நெடுங்காலம் நம்பியிருந்தவன் நான். என் முன்பற்கள் பழுப்பு நிறம். வெற்றிலை கிடையாது, புகையிலை கிடையாது. பேரிகைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. பல் முளைக்கிற வயதில் அந்த போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் காவிக் கோடு விழுந்துவிடும். தண்ணீரில் புளூரைடு அதிகம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த சுகாதாரத்துறைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி என்ன செய்ய, பல் அதற்குள் முளைத்தாகிவிட்டது. என் தங்கைக்குப் பல் முளைப்பதற்குள் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே அம்மா கிண்டிய களியைத் தின்று வளர்ந்த இரண்டு பேரில் அவள் மட்டும் போட்டோவில் சிரிப்பாள். அதற்காக அவள் மேல் எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. பாவம், அவள் என்ன செய்வாள்.

இந்தப் பல்லை வைத்துக்கொண்டு நான் கடற்படை அதிகாரி ஆக ஆசைப்பட்டேன். ஓசூரில் யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே ஒரு கிண்டல் வரும். “ஓசூர்ல ஏதுப்பா கடலு? ராமநாயக்கன் ஏரில எறங்கிப் பழகு.” சொல்கிறவர்கள் எல்லாருக்கும் அதைத் தாங்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்ததாக நினைப்பு. நானும் முதல் தடவை கேட்பவன் போலச் சிரித்து வைப்பேன், உதட்டை மூடிக்கொண்டு.

கடல் மேல் எனக்குப் பெரிய மோகம் ஒன்றும் இருந்ததில்லை. கிருஷ்ணகிரியில் நான் பொறியியல் படித்த கல்லூரிக்கு ஒரு கடற்படை அதிகாரி பேச வந்திருந்தார். வெள்ளைச் சீருடை. எல்லாரும் சீருடையைப் பார்த்தார்கள். நான் அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். தாளாளர் பக்கத்தில் எப்படி நின்றாரோ, மைக் செட்காரர் பக்கத்திலும் அப்படியே நின்றார். முதுகு வளையவும் இல்லை, விறைக்கவும் இல்லை. ஆள் பார்த்து உடம்பை மாற்றாத ஒரு மனுஷரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். எங்கள் உடம்புகள் ஆளுக்கு ஆள் மாறும். அவர் மாதிரி ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. விண்ணப்பத்தில் இதையா எழுத முடியும்? நாட்டுப்பற்று என்று எழுதினேன்.

அதிகாரித் தேர்வு என்பது ஐந்து நாள் கூத்து. முதல் நாள் மங்கலான ஒரு படத்தைக் காட்டுவார்கள். அதை வைத்துக் கதை எழுதி, குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போய்விடும். மிச்சமிருப்பவர்களுக்கு மனோதத்துவச் சோதனைகள், மைதானத்தில் பலகையும் கயிறும் கொடுத்துப் பள்ளம் தாண்டச் சொல்லும் குழு வேலைகள், நேர்முகம். கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். பிறகு, தேறியவர்கள் மார்பில் மாட்டியிருக்கும் எண்ணை மட்டும் வெளியே வந்து படிப்பார்கள். உன் எண் வரவில்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஏன் என்று கேட்க முடியாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கொன்றது அந்த ‘ஏன்’தான். முதல் தடவை முதல் நாளே திரும்பினேன். அடுத்த தடவை போபால் வரை போய்க் கடைசி நாள் வரை தாக்குப்பிடித்தேன், எண் வரவில்லை. அதற்கடுத்தது விசாகப்பட்டினம், அங்கேயும் கடைசி நாள், அங்கேயும் அதே வெறும் கை. பரீட்சையில் தோற்றால் எந்தப் பாடத்தில் தோற்றோம் என்று தெரியும். இது ‘நீ வேண்டாம்’ என்பது மட்டும். ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு ஐந்து நாளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். எந்த இடத்தில் என்னை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்? எதையாவது பிடித்துக்கொள்ளாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பல்லால்தான் என்று ஒரு முறை முடிவு கட்டியதும் எல்லாம் பொருந்தி வந்தது. எந்த அதிகாரி காவிப் பல்லோடு இருக்கிறார்? ஓசூர் சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. லைனில் எல்லாரும் முகக்கவசம் போட வேண்டும். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். கொரோனா காலத்தில் ஊரே முகக்கவசத்தைத் திட்டியபோது நான் மட்டும் நிம்மதியாகத் திரிந்தேன். பேருந்தில் தெரியாத ஆட்களோடு பேசினேன், சத்தமாகச் சிரித்தேன். எல்லாரும் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. ஆஸ்துமாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம் என்ற நிலையில் ஓசூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். வாயைத் திறந்ததும், “பேரிகை சைடா, சூளகிரி சைடா?” என்றார். ஊர்ப் பெயரைப் பல்லில் எழுதி வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. முன்பற்களை லேசாக இழைத்து மேலே வெள்ளையாக ஒரு பூச்சு ஒட்டினார். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். யாரோ ஒருத்தன் சிரித்தான். வெளியே வந்து டீக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், பாகலூர் பஸ் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தேன். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று சத்தியமாக நம்பினேன்.

ஓசூரில் என்னைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு இந்தத் தேர்வுக்குத் தயாரானவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு பாறை நிழலில் கூடுவோம். ஆளுக்கொரு தலைப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டும். மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். அதில் திருநெல்வேலிக்காரன் ஒருத்தன், என் அறைத்தோழன், எல்லாவற்றையும் போனில் படம் பிடிப்பான். பல் கட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு நான்தான் முதலில் எழுந்தேன். தலைப்பு ஞாபகமில்லை. சிரித்தேன், நிறையவே சிரித்தேன்.

பேசி முடித்ததும் அவன் போனை நீட்டினான். “ஏல, இங்க பாரு. கை எங்க போவுதுன்னு பாருல.”

பார்த்தேன். பேச ஆரம்பிக்கும்போது வலது கை மேலே வருகிறது. விரல்கள் உதட்டை மறைக்கின்றன. ஒரு வாக்கியம் முடிந்ததும் கீழே போகிறது. அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும். அந்தக் கை என்னுடையதுதான், என் கடிகாரம் கட்டியிருந்தது, ஆனால் அது போவதும் வருவதும் எனக்குத் தெரியவே இல்லை.

“பல்லுதான் கட்டியாச்சே, இன்னும் எதைல மூடுத?” என்றான்.

“பழக்க தோஷம்டா,” என்றேன். “நாலு நாள்ல போயிடும்.”

போகவில்லை. கையைப் பின்னால் கட்டினேன், தோள் துடித்தது. பேண்ட் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தேன்; விட்ட நொடியில் மேலே வந்தது. லைனில் சூப்பர்வைசரிடம் பேசும்போது கவனித்தேன். வருகிறது. முகக்கவசத்தின் மேலேயே வருகிறது! மூடிய வாயை எதற்கு மூடுகிறது இந்தச் சனியன் பிடித்த கை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். திருநெல்வேலிக்காரனோடு பேசும்போது வருவதில்லை. கேன்டீனில் தட்டு கழுவுகிறவரோடு பேசும்போது வருவதில்லை. சூப்பர்வைசர், டாக்டர், மேனேஜர் என்றால் வருகிறது. கவனித்தேனே தவிர அதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. பல் பழுப்பாக இருந்தபோது பழகியது, மறக்க நாளாகும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஊருக்குப் போனேன். அப்பா ஒரு பெரிய தோட்டத்தில் வேலை செய்கிறார். பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாயும் ரோஜாவும் வளர்க்கும் தோட்டம். அவரைப் பார்க்க அங்கேயே போனேன். குடிலுக்குள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். என் புதுப் பல்லைப் பார்த்து அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“எம்பல்லு மாதிரியே பண்ணி உட்டாங்களே,” என்றார்.

அப்பாவுக்கு நல்ல பல். அவர் பிறந்தது இந்த ஊரில் இல்லை, நாட்றாம்பாளையத்தில், அஞ்செட்டி மலைப்பக்கம். ஓடைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் பிழைப்புக்காக அம்மா ஊரான இங்கே வந்தார். இந்த வயதிலும் அவருக்கு ஒரு பல்லில்கூடக் கறை கிடையாது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள்.

வெளியே புல்லட் வந்து நின்ற சத்தம் கேட்டது. தோட்டத்து முதலாளி. என் அப்பாவைவிட வயதில் சின்னவர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, திட்டி நான் கேட்டதில்லை. ஏதோ மருந்து அடித்தாகிவிட்டதா என்று கேட்டார். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கினார். முதுகு கொஞ்சம் இறங்கியது. வலது கை எழுந்து வாயை மூடியது.

“ஆச்சுங்க சாமி. காலையிலயே ஆச்சுங்க.” விரல்களுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

ஒரு வாக்கியம் முடிந்ததும் கை இறங்கியது. அடுத்த கேள்விக்கு மறுபடி எழுந்தது.

நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் அது. அதனாலேயே ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். எந்தக் கறையும் இல்லாத வெள்ளைப் பல். அதை அவர் எதற்கு மூட வேண்டும்? என் எச்சில் காற்று உங்கள் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவர் அப்பா மூடினார், அவருடைய அப்பா மூடினார், இவர் மூடுகிறார். ஆங்கிலம் பேசும், கம்பெனி அடையாள அட்டை மாட்டிய பொறியாளன் நான், முகக்கவசத்தின் மேல் மூடுகிறேன். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல்லை டாக்டரம்மா சரி செய்தார். இதை எந்த டாக்டரிடம் காட்டுவது? எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் ஓடியது, தண்டால் எடுத்தது, ஆங்கிலப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தது எல்லாம் வீண் என்ற பயம். தேர்வு அறைக்குள் நான் நுழைந்த மறுநொடி அந்த அதிகாரிகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

முதலாளி போகும்போது என்னிடம் திரும்பி, “ஏம்ப்பா, இன்னும் அந்த நேவிக்குத்தான் அலையறியா?” என்றார்.

“ஆமாங்க,” என்றேன். என் கை வாய் மேல் இருந்தது.

கடைசித் தேர்வு பெங்களூரில். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். போபாலுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அலைந்தவனுக்கு இதுவாவது சௌகரியமாகக் கிடைத்ததே என்று திருநெல்வேலிக்காரன் அவனுடைய கோட்டும் டையும் கொடுத்து அனுப்பினான். “கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லு, போதும். மத்ததெல்லாம் உனக்கு வரும்ல,” என்றான்.

ஐந்து நாளும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். பெருமையாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட என் கை வாய்க்குப் போகவில்லை. ஆனால் நான் அங்கே செய்த ஒரே வேலை அதுதான். குழு விவாதத்தில் எல்லாரும் சந்தையில் ஏலம் போடுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. வாயைத் திறந்தால் கை வருமே என்று பேண்ட் தையலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடி சரியாக விழுந்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மைதானத்தில் பலகையை எப்படி வைத்தால் பள்ளத்தைத் தாண்டலாம் என்று எனக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்தது. சொல்லவில்லை. இன்னொருத்தன் தப்பாக வைத்து, விழுந்து, கடைசியில் நான் நினைத்த இடத்திலேயே வைத்தான். நான் சமர்த்தாகப் பலகையைத் தூக்கிக் கொடுத்தேன். கூலிக்குப் போனவன் செய்கிற வேலை.

நேர்முகத்தில் அதிகாரி நல்லவராக இருந்தார். அவர் கண்ணில் அவசரமே இல்லை. ஊர், தண்ணீர், தோட்டம், அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சாதாரணமாக, “உங்கள் அப்பாவிடம் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?” என்றார்.

அந்த அறையில் எனக்கு உண்மையாகத் தெரிந்த விடை அது ஒன்றுதான். போன வாரம் குடிலுக்குள் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். அப்பாவின் கை, என் கை, இப்போது இந்த நிமிஷம் தையலைப் பிடித்து வலிக்கும் விரல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

“ஒன்றுமில்லை சார்,” என்றேன். “அவர் இருப்பதுபோலவே நல்லவர்.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்து கழிவறையில் நின்று என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

கடைசி நாள் மத்தியானம் எண்களைப் படித்தார்கள். இரண்டு எண் படித்தார்கள். இரண்டும் என்னுடையது இல்லை. தேறியவன் ஒருத்தன் உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஓசூர் பஸ் பிடித்தேன். இந்தத் தடவை ஏன் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அத்திப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டியபோது இனி இந்த வழியில் இதற்காக வர முடியாது என்ற நினைப்பு வந்தது. உடம்பெல்லாம் கனத்துப் போனது. வயது முடிந்துவிட்டது. அவ்வளவுதான். கோட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அந்த வெயிலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறைக்குப் போய்த் திருநெல்வேலிக்காரன் முகத்தில் விழிக்க முடியாது என்று ஓசூரில் இறங்கிப் பேரிகை பஸ் ஏறினேன்.

அப்பா குடிலுக்குள் செடிகள் சாயாமல் நூல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நூலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வரும்போதே துண்டு தோளிலிருந்து இறங்கி அக்குளுக்குப் போனது. கொஞ்சம் தள்ளியே நின்றார். கோட்டைப் பார்த்தார், டையைப் பார்த்தார். வலது கை எழுந்து வாயை மூடியது.

“என்ன சொன்னாங்கப்பா?”

“அப்பா, நான்தாம்ப்பா.”

“தெரியுதுப்பா, சொல்லு. என்ன சொன்னாங்க?”

ஆள் தெரியாமல் செய்தது இல்லை. தெரிந்துதான் செய்தார், அல்லது அவருடைய கை செய்தது. நான் ஜெயித்து, அந்த வெள்ளைச் சீருடையில் வந்து நின்றிருந்தாலும் இவர் இப்படித்தானே நின்றிருப்பார்? ஆள் பார்த்து மாறாத ஒரு உடம்புக்காகத்தான் இத்தனை வருஷம் தலைகீழாக நின்றேன். அது கிடைத்திருந்தால் முதலில் அதன் முன்னால் குனிந்திருப்பது என் அப்பாவின் முதுகு.

“கெடைக்கலப்பா,” என்றேன். “இனிமே போவவும் முடியாது. வயசு முடிஞ்சுபோச்சு.”

அவர் தலையாட்டினார். கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி அப்படியே தரையில் எறிந்தேன். நூலும் இலையும் ஈர மண்ணுமாகக் கிடந்த இடத்தில் போய் விழுந்தது.

“ஐயோ, மண்ணாவுது பாரு!” அப்பா குனிந்து எடுத்தார். துண்டு கீழே விழுந்தது. கோட்டின் தோள் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு உதறு உதறினார். மண் போகவில்லை. இன்னும் பலமாக உதறினார். “யாருது கண்ணு இது? உன்னுதா?”

“இல்லப்பா. சிநேகிதனுது.”

“அப்போ ஒழுங்கா குடுக்கணுமில்ல. இப்புடியா வீசறது?” என்னை நேராகப் பார்த்துத் திட்டினார். வாய் திறந்திருந்தது. வெள்ளைப் பல் எல்லாம் தெரிந்தது. “வேல கெடைக்கலன்னா அடுத்தவன் துணிய எறிவியா நீ? அறிவு வேணாம்?”

அவர் திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்தது. நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்துகொண்டு அவர் எதிரில் நின்று அழுதேன். என் இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.